இருநூற்று அறுபது வார்த்தைக்குள்

இன்னும் நாற்பத்தாறு நிமிஷம் இருக்கு. இங்கிலீஷ் பரீட்சையில் முதல் கட்டுரை முடிஞ்சுது, அதைத் திரும்பிப் பார்க்க மாட்டேன், பார்த்தா திருத்தத் தோணும், திருத்த ஆரம்பிச்சா ரெண்டாவதுக்கு நேரம் இருக்காது. பக்கத்தைத் திருப்பு. மூணு கேள்வி, ஒண்ணு எழுதினால் போதும். முதலாவது, போன வாரம் போய் வந்த இசைவிழாவைப் பற்றி நண்பனுக்குக் கடிதம். எனக்கு அப்படி ஒரு நண்பனும் கிடையாது, எங்க ஊர்க் கோயில் கொடைக்கு வர்ற வில்லுப்பாட்டை இசைவிழான்னு சொன்னா இவங்க ஒத்துக்கப்போறதும் கிடையாது. ரெண்டாவது, நீங்கள் பார்த்த இரண்டு அருங்காட்சியகங்களை ஒப்பிட்டு விமர்சனம். ஒண்ணைக்கூடப் பார்த்ததில்லை. மூணாவது ப்ரபோசல், அதாவது யோசனை சொல்லி எழுதுறது. ப்ரபோசலைத் தொடவே கூடாதுன்னு மதுரைக்கு வர்ற பஸ்ஸில் ஜன்னல் கம்பியைப் பிடிச்சுச் சத்தியம் பண்ணியிருந்தேன். போன தடவை என்னைக் கவுத்தினது அதுதான். சரி, சும்மா வாசிச்சுப் பார்ப்போம், வாசிச்சா ஒண்ணும் ஆகாது. உங்கள் பகுதியில் பொதுமக்கள் நிறையப் பேர் வந்துபோகும் ஓர் அலுவலகம், வருகிறவர்களுக்கான வசதிகளை மேம்படுத்த விரும்புகிறது. இப்போதைய நிலையை விவரித்து, என்ன மாற்றங்கள் தேவை, அவற்றால் என்ன பயன் என்று அலுவலகத் தலைவருக்கு ஒரு ப்ரபோசல் எழுதுக. இருநூற்று இருபதிலிருந்து இருநூற்று அறுபது வார்த்தைக்குள். வாசிச்சேன். மறுபடியும் வாசிச்சேன். முதுகுப்பக்கம் யாரோ வந்து நிக்கிற மாதிரி இருந்துது. திரும்பிப் பார்த்தால் நாற்காலிக்குப் போட்ட வெள்ளைத் துணியும் அதில் கட்டின ரோஸ் ரிப்பனும்தான். இது கல்யாண ரிசப்ஷன் நடக்கிற ஹால். மேடையில் தெர்மாகோல் எழுத்தைப் பிடுங்கின தடம் இன்னும் இருக்கு, பொண்ணு பேர் போயிருச்சு, மாப்பிள்ளை பேரில் கடைசி ரெண்டு எழுத்து தொங்குது. கார்ப்பெட்டில் ஜிகினா. ஏதோ ஒரு நாட்டில் ஒரு மேஜையில் உக்காந்து இந்தக் கேள்வியை எழுதினவனுக்கு எங்க ஊர்க் கலெக்டர் ஆபீஸ் எப்படித் தெரிஞ்சுது?

தெரியாது. அவனுக்கு ஒண்ணும் தெரியாது, அவன் ஏதோ கண்ணாடிக் கட்டடத்தை, சோபாவை, காபி மெஷினை நினைச்சிருப்பான். எழுதாதே முப்பிடாதி. கடிதத்தை எழுது, இசைவிழாவை அளந்துவிடு, தப்பிச்சிரு. இந்தத் தடவையும் தோத்தால் டப்ளின் காலேஜ் என் இடத்தைப் பட்டியலில் அடுத்த ஆளுக்குக் குடுத்துரும், மெயிலில் தெளிவா எழுதியிருக்கான், மூணாவது வாய்ப்பு கிடையாது. ரெண்டு வருஷப் படிப்பு, கூடவே வயசானவங்களைப் பார்த்துக்கிற வேலை. பிளஸ் டூ முடிச்சுப் பத்து மாசமா வேற எதையும் நான் நினைக்கலை. இங்கிலீஷ் எனக்கு வரும், அதைச் சொல்ல வெட்கமில்லை, எட்டாவதிலேர்ந்து ஃபோனில் கேட்டுக் கேட்டு, கழுவுற பாத்திரத்துக்கிட்டப் பேசிப் பேசிப் படிச்சது. பேச்சு, கேட்பு, வாசிப்பு எல்லாத்திலயும் போன தடவை நல்ல மார்க். எழுத்தில்தான் விழுந்தேன். ஒரு மன்றத்துக்கு நூலகம் வேணும்னு ப்ரபோசல் எழுதச் சொன்னான். நான் எழுதினதை அப்படியே திருப்பி எழுதித் தரச் சொல்லி ரோஸ்லின் மிஸ் கேட்டாங்க. மரியாதைக்குரிய ஐயா, ஏழைக் குடும்பத்தில் பிறந்த நான் தங்கள் சமூகத்துக்குப் பணிவுடன் தெரிவித்துக்கொள்வது என்னவென்றால், எங்கள் ஊரில் நூலகம் இல்லாமல் நான் அடையும் துன்பம் சொல்லி முடியாது. இப்படியே ஒரு பக்கம். கடைசியில், தாங்கள் மனமிரங்கி நூலகம் அளித்தால் காலமெல்லாம் தங்களுக்காகப் பிரார்த்திப்பேன். எல்லாம் சுத்தமான இங்கிலீஷ், ஒரு தப்பு கிடையாது. மிஸ்ஸுக்கு வயசு இருபத்தஞ்சு இருக்கும், நாகர்கோவில்காரங்க, டூவீலர் மெக்கானிக் கடை மாடியில் கிளாஸ் எடுக்கிறாங்க, கீழே வண்டி ரேஸ் பண்ணினால் நிறுத்திட்டுக் காத்திருப்பாங்க. அன்னைக்கு வாசிச்சுட்டு மேஜையில் தலையைக் கவுத்துச் சிரிச்சாங்க. நிமிர்ந்தப்போ கண்ணில் தண்ணி.

“மக்கா, இதை வாசிச்சா லைப்ரரி கட்டித் தரமாட்டான். சோத்துப் பொட்டலம் தருவான்.”

நானும் சிரிச்சேன். வேற என்ன பண்ண. இதை எங்கே படிச்சேன்னு கேட்டாங்க. எங்கேயும் படிக்கலை, எங்க வீட்டில் இதுதான் தொழில்னு சொன்னேன். அதுக்கப்புறம் மிஸ் சிரிக்கலை. அம்மா மனு எழுதுறவ. கலெக்டர் ஆபீஸ் காம்பவுண்டுச் சுவருக்கு வெளியே, ஜெராக்ஸ் கடைக்கும் இளநி வண்டிக்கும் நடுவில், நீலப் பிளாஸ்டிக் ஸ்டூல் ஒண்ணு, மடியில் பரீட்சை அட்டை ஒண்ணு. திங்கக்கிழமை மனு நாள், காலையில் ஏழரைக்கே சனம் வந்து அவளைச் சுத்தி நிக்கும். அம்மா மூணு கேள்வி கேப்பா. எத்தனை பேரு, எம்புட்டு நாளா, எவ்வளவு தூரம். எந்தக் குறையா இருந்தாலும் இந்த மூணுதான் முதல்ல. அப்புறம் எழுத ஆரம்பிப்பா. மனுவில் மூணு இடத்தில் ஈரம் இருக்கணும்னு அவ கணக்கு, தொடக்கத்தில் ஒண்ணு, நடுவில் ஒண்ணு, கையெழுத்துக்கு மேலே ஒண்ணு. கண்ணீர் மல்க, கதியற்று, காலமெல்லாம் கடமைப்பட்டு. அம்மா குனியிற ஆள்னு யாரும் நினைச்சிரக் கூடாது. சீல் குத்துற கிளார்க்கைக் கொள்ளையில போவான்னு அவன் காதுபடச் சொல்லுவா. ஆனா காகிதத்தில் குனிவா. காகிதம் உள்ளே தனியாப் போகுது, கூட நாம போகமுடியாது, அது அங்கே போய் யார் காலிலாவது விழுந்தாத்தான் உண்டும்பா. பதிமூணு வயசிலேர்ந்து அவளுக்குப் படி எடுத்துக் குடுத்திருக்கேன். தனியா எழுதச் சொன்னால் என் கை தானாக் குனியும், நான் சொல்லவே வேண்டாம். இன்னைக்குக் காலையில் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஃபோன் போட்டால் அம்மா அதையேதான் சொல்றா. “முதல் வரியில மரியாதை இருக்கட்டும்ட்டி.” சரிம்மான்னு சொல்லிட்டேன். சரின்னு ஏன் சொன்னேன்?

நாற்பத்தொண்ணு. அஞ்சு நிமிஷம் யோசிச்சே போச்சு. முன்னால் உக்காந்திருக்கிற பையன் எழுத ஆரம்பிச்சுட்டான், முதுகு ஆடுது, இசைவிழாவா இருக்கும், அவன் போயிருப்பான். மெத்துச் செருப்பு போட்ட கண்காணிப்பு மேடம் நாற்காலிகளுக்கு நடுவில் சத்தமில்லாம நடக்குறாங்க, காலையில் அடையாள அட்டையை வாங்கிப் பார்த்து என் பேரை மூணு துண்டா உடைச்சு வாசிச்சவங்க, முப், பிடா, தி அப்படின்னு, ஒவ்வொரு துண்டும் உடைஞ்சிராம வைக்கிற மாதிரி. எனக்கே என் பேரு புதுசாக் கேட்டுது. எங்க குலசாமி பேரு அது, எட்டுக் கை, ஒரு கையில்கூட மனு கிடையாது. சரி. எழுதுவோம். எழுதப்போறேன்னு முடிவு பண்ணினதும் பேனா மூடியைக் கடிச்சுக் கழட்டியாச்சு. ரோஸ்லின் மிஸ் திட்டின திட்டெல்லாம் வரிசையா வருது, மிஸ் சொன்ன வரிசையில் இல்லை, எனக்குப் பயம் வர்ற வரிசையில். கதை சொல்லாதே, அது கட்டுரைக்கு. உன் கஷ்டத்தைச் சொல்லாதே, இடத்தோட கஷ்டத்தைச் சொல்லு. மனப்பாடம் பண்ணின பத்தியைக் கொண்டுபோய் ஒட்டாதே, ஒட்டினது தெரியும். கேட்டது மூணுன்னா மூணையும் சொல்லு, ரெண்டு சொல்லிட்டு அழகா முடிக்காதே. தலைப்புப் போட்டுப் பிரி. வாசிக்கிறவன் யாருன்னு ஒவ்வொரு வரியிலயும் ஞாபகம் வை. கடைசியா ஒண்ணு, அன்னைக்கு எனக்குப் புரியவே இல்லை. அவன் உன்கிட்டக் கேட்டிருக்கான் மக்கா. கேக்கிறவன்கிட்டக் கெஞ்சுவாங்களா? இப்போ கேள்வித்தாளைப் பார்க்கிறேன். அலுவலகம் மேம்படுத்த விரும்புகிறது. விரும்புதாம். எழுதுகன்னு சொல்றான். எங்க ஊர்க் காம்பவுண்டுச் சுவருக்கு இந்தப் பக்கம் நிக்கிற யார்கிட்டயாவது அந்தப் பக்கத்திலிருந்து ஒருத்தன் எட்டிப் பார்த்து, இங்கே என்ன பண்ணலாம், நீயே சொல்லுன்னு என்னைக்காவது கேட்டிருக்கானா? கேக்கிற மாதிரி ஒரு உலகம் எங்கேயோ இருக்கு, அங்கே இதுக்குன்னே ஒரு எழுத்து இருக்கு, அதைப் பரீட்சை வச்சுக் கத்துக்குடுக்கிறாங்க. ஒரு காகிதத்தில் இவ்வளவு பெரிய இடம் இருக்கும்னு எனக்குத் தெரியாது.

முதல் தலைப்பு, இப்போதைய நிலை. ரெண்டே வார்த்தை, அடியில் கோடு. கோட்டுக்குக் கீழே வெறும் காகிதம். அந்தக் கலெக்டர் ஆபீஸ் முற்றத்தை இதுக்குள்ளே எப்படி வைக்க. திங்கக்கிழமை எட்டு மணிக்கு வாசலில் நாலு போலீஸ். பையைத் திறந்து காட்டணும், முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காட்டணும். மண்ணெண்ணெய் கொண்டுவந்துரக் கூடாதுன்னு பயம் அவங்களுக்கு. பாட்டில் இருந்தால் மூடியைத் திறந்து மோந்து பார்ப்பாங்க. ஒரு அக்கா இருக்காங்க, காக்கிச் சட்டையில் கர்ச்சீப் சொருகி, காலையிலேர்ந்து நானூறு பாட்டில் மோப்பாங்க, பத்து மணிக்கெல்லாம் அவங்க மூக்கு சிவந்திரும், பாவமாத்தான் இருக்கும். நேரம் ஆக ஆக மோக்கிறதையும் விட்டுட்டு, பாட்டிலே உள்ளே போகாதும்பாங்க. வாசலில் பாட்டில் குவியல். உள்ளே டோக்கன் வரிசை, தகரக் கொட்டகையில் பாதி வரிசை, வெயிலில் மீதி வரிசை. உள்ளே தண்ணிக் குழாய் கிடையாது. ஒண்ணு இருந்துது, அதோட திருகு காணோம், நான் படி எடுக்கிற காலத்திலேர்ந்தே காணோம். தண்ணி வேணும்னா வெளியே ஜெராக்ஸ் கடை வரைக்கும் வரணும், வந்தால் வரிசை போச்சு, திரும்ப வாசல், திரும்ப மோப்பம். பேச்சித்தாய் அக்கா. வேண்டாம், அவங்களை நினைக்காதே, கதை சொல்லாதே. ஆனா எப்படி நினைக்காம இருக்க. பேச்சித்தாய் அக்கா பதினோரு திங்கக்கிழமை வந்தாங்க. வீட்டுக்குப் போற பாதையில் பக்கத்துக்காரன் வேலி போட்டுட்டான், அதுக்குப் பதினோரு மனு, பதினொண்ணும் அம்மா கை, பதினோரு ரசீதையும் பால் கவரில் போட்டு இடுப்பில் வச்சிருப்பாங்க. பன்னிரண்டாவது வாரம் பாட்டிலில் பழையசோத்து நீத்தண்ணி கொண்டுவந்தாங்க. போலீஸ் அக்கா மோந்ததும் முகத்தைத் திருப்பினாங்க, என்னம்மா இது இப்படி நாறுதுன்னு கேட்டாங்க. நேத்துச் சோத்துத் தண்ணி தாயி, நீயும் ஒரு மடக்குக் குடியேன்னு இவங்க சொன்னாங்க. வரிசையில் எல்லாரும் சிரிச்சோம். போலீஸ் அக்கா அதை மண்ணில் ஊத்திட்டாங்க. வெள்ளையா ஓடிச்சு, ரெண்டு சோத்துப் பருக்கை மண்ணில் நின்னுது.

அதுக்கப்புறம் மத்தியானம். முப்பத்தஞ்சு நிமிஷம் இருக்கு, சரி, சீக்கிரம் நினைச்சு முடி. மத்தியானம் ஒண்ணேகாலுக்கு அவங்க டோக்கனுக்கு இன்னும் இருபது பேர் இருக்கு, பேச்சித்தாய் அக்கா கம்பியைப் பிடிச்சபடி மெதுவா உக்காந்தாங்க, உக்காந்தபடியே சாஞ்சாங்க. நான் மனுப்படி குடுக்க உள்ளே வந்திருந்தேன். ஓடினேன். ஜெராக்ஸ் கடையில் ஒரு பாட்டில் வாங்கிட்டு ஓடி வந்தேன், சீல் உடைக்காத பாட்டில். வாசலில் நிறுத்திட்டாங்க. உள்ளே ஒரு அக்கா விழுந்து கிடக்காங்கன்னு சொல்றேன், பாட்டில் போகாது, பெரியவர் உத்தரவுங்கிறாங்க. மூடியைத் திறந்து மோந்து பாருங்கன்னு நீட்டினேன். போகாது. நான் என்ன பண்ணியிருக்கணும்? தள்ளிட்டுப் போயிருக்கணும். கத்தியிருக்கணும். நான் என்ன பண்ணினேன் தெரியுமா, என் வாயிலிருந்து என்ன வந்துது தெரியுமா, தயவுசெஞ்சு மேடம், தயவுசெஞ்சு, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். ஈரம் மூணு இடத்தில். அம்மா எழுதின மாதிரியே. கடைசியில் ஒரு டிரைவர் அண்ணன் ஆபீஸ் ஜீப்பிலிருந்து தண்ணி எடுத்துட்டுப் போய் முகத்தில் தெளிச்சார், அக்கா எந்திரிச்சாங்க, ஒண்ணும் ஆகலை, உயிரோடதான் இருக்காங்க, ஆனா டோக்கன் தாண்டிருச்சு. பன்னிரண்டாவது மனு அன்னைக்கு உள்ளேயே போகலை. மறுவாரம் அம்மா பதிமூணாவது எழுதினா. அதில் தண்ணியைப் பற்றி ஒரு வரி எழுதும்மான்னு சொன்னேன். ஒரு மனுவுக்கு ஒரு குறைதான், ரெண்டு சொன்னா ரெண்டும் போயிரும், அது வேலி மனுன்னா. அது சரிதான், அவ அனுபவம். ஆனா இப்போ இந்த வெள்ளைத் துணி நாற்காலியில் உக்காந்து யோசிக்கிறேன், எத்தனையோ ஆயிரம் மனு போயிருக்கும் அந்த வாசல் வழியா, பட்டா, பென்ஷன், வேலி, சாக்கடை, தொலைஞ்ச புருஷன். அந்த வாசலைப் பற்றி ஒரு மனுகூடப் போனதில்லை. நிக்கிற இடத்தைப் பற்றி நிக்கிறவங்க யாரும் எழுதினதில்லை. ஒருத்தருக்கும் தோணலை. எனக்கும் தோணலை, இந்த நிமிஷம் வரைக்கும். யாரோ கண்ணாடிக் கட்டடத்தை நினைச்சுக் கேட்ட கேள்வி, அது வந்து எங்க முற்றத்தில் லைட்டைப் போடுது.

எழுது. அம்மாவோட மூணு கேள்வி, அதை விட்டால் எனக்கு வேற வழி தெரியாது. எத்தனை பேர், ஏறக்குறைய நானூறு. எம்புட்டு நாளாங்கிறதுக்கு இங்கே எவ்வளவு நேரம், எட்டிலிருந்து ரெண்டு. எவ்வளவு தூரம், தண்ணி வாசலுக்கு வெளியே முந்நூறு அடி. நிழல் பாதி வரிசைக்கு. உக்கார இடம் இல்லை. பேனா ஓடுது. அடுத்த தலைப்பு, குறைகள். பேச்சித்தாய்னு எழுதப்போன பேனாவை நிறுத்தினேன். அவங்களை எப்படி வெளியே நிறுத்த, அவங்க இல்லைன்னா இது எனக்கு எதுக்கு. அப்புறம் மெதுவா ஒரு வரி எழுதினேன். வருகிறவர்கள் கொண்டுவரும் தண்ணீர் வாசலிலேயே நிறுத்தப்படுகிறது, உள்ளே தண்ணீர் இல்லை. அவ்வளவுதான். பேரும் இல்லை, மயக்கமும் இல்லை. எழுதிட்டு அந்த வரியைப் பார்த்தேன். இவ்வளவு சத்தமில்லாம ஒரு வரி இருக்குமா? அதுக்குள்ளே பேச்சித்தாய் அக்கா இருக்காங்க, அவங்களுக்கு முன்னாடி விழுந்தவங்க இருக்காங்க, இனிமே விழப்போறவங்களும் இருக்காங்க, காக்கி அக்காவோட சிவந்த மூக்குகூட இருக்கு. ஒருத்தரும் அழலை. எனக்குத்தான் கண்ணு மசங்குது, துடைச்சுக்கிட்டேன், தாளில் விழுந்தால் மை ஊறும். இன்னொண்ணும் இருக்கு. இதை ஒருத்தன் முழுசா வாசிப்பான். வாசிச்சே ஆகணும், அதுதான் அவன் வேலை, முதல் வரியிலிருந்து கடைசி வரைக்கும். ரோஸ்லின் மிஸ் சொல்லியிருக்காங்க. அம்மா எழுதினது எதையும் யாரும் பாதிக்கு மேலே வாசிச்சதா எனக்கு நம்பிக்கை இல்லை, மேலே சீல், கீழே நம்பர், கட்டு. அதனால்தான் முதல் வரியிலேயே அவ அழுறா. இது கடைசி வரைக்கும் வாசிக்கப்படும். பெரிய மலை முன்னாடி வந்து நின்னுட்ட மாதிரி இருக்கு. வாசிக்கப்படப்போகுதுன்னு தெரிஞ்சு எழுதுறதுக்கு இவ்வளவு பயமா இருக்குமா.

இருபத்திரண்டு நிமிஷம். பரிந்துரைகள். இந்தத் தலைப்பைப் போடவே கூச்சமா இருக்கு, யார் நான் பரிந்துரைக்க, போன வருஷம் வரைக்கும் யூனிஃபார்ம் போட்டு பெஞ்சில் உக்காந்தவ. போடு. வாசலுக்கு உள்பக்கம், சோதனை முடிகிற இடத்திலேயே, ரெண்டு குடிநீர்க் குழாய் வைக்க வேண்டும், டம்ளரோட. அப்போ பாட்டிலை நிறுத்தலாம், நிறுத்துறவங்களுக்கும் சண்டை மிச்சம். கொட்டகையை வரிசை முழுக்க நீட்ட வேண்டும். டோக்கன் நம்பரைக் கூப்பிடும்போது ஆள் இல்லைன்னா, அன்னைக்கு முடியிறதுக்குள்ளே இன்னொரு தடவை கூப்பிட வேண்டும். இந்த மூணாவது யாரும் சொல்லித் தரலை, எழுதிக்கிட்டே இருக்கும்போது வந்துது. வந்ததும் பேனாவைக் கீழே வச்சுட்டேன் ஒரு நொடி. இவ்வளவு சின்னதா? இன்னொரு தடவை கூப்பிட்டிருந்தால் பன்னிரண்டாவது மனு உள்ளே போயிருக்கும். அவ்வளவுதானா? அந்தக் கட்டடத்தை நான் சாமி மாதிரி பார்த்திருக்கேன், அசையாது, அதுகிட்ட விழத்தான் முடியும்னு. ஒரு வரியில் அதோட ஒரு திருகாணி கையில் வந்துருச்சு. பயன்கள். நேரம் மிச்சமாகும், வாசலில் தகராறு குறையும், மனுக்கள் உரியவரைச் சேரும். எழுதிட்டேன். மேடம் என் பக்கமா வந்து மேஜை ஓரத்தில் வச்சிருந்த அடையாள அட்டையைப் பார்த்துட்டு நகர்ந்தாங்க, உதடு மட்டும் அசைஞ்சுது, முப், பிடா, தி. பத்து நிமிஷம்னு சொன்னாங்க.

எண்ணு. பத்துப் பத்தா விரல் வச்சு எண்ணினேன். இருநூற்று எழுபத்தொண்ணு. மறுபடியும் எண்ணினேன், எழுபத்தொண்ணுதான். பதினொண்ணு கூட. கூடினதுக்கு மார்க் வெட்டமாட்டான்னு சிலர் சொல்லுவாங்க, ஆனா கூடினால் அங்கே வேண்டாதது இருக்குன்னு அர்த்தம், அதுக்கு வெட்டுவான்னு ரோஸ்லின் மிஸ். எது வேண்டாதது? குழாயா? கொட்டகையா? கண்ணு நேரா அந்த வரிக்குத்தான் போகுது, தண்ணீர் வாசலில் நிறுத்தப்படுகிறது. அதை எடுத்தால் கிட்டத்தட்டச் சரியாப் போயிரும். குறைன்னு ஏற்கெனவே ரெண்டு இருக்கு, நிழலும் இருக்கையும், அது போதும், பாஸ் பண்ணிரலாம். பாஸ் பண்ணணும் எனக்கு. பொய் சொல்லமாட்டேன், அந்த நொடி பேனா முனையை அந்த வரி மேலே வச்சேன், ஒரு புள்ளி மை விழுந்துருச்சு. டப்ளின். பட்டியலில் அடுத்த ஆள். பேச்சித்தாய் அக்கா பால் கவரை இடுப்பில் தடவிப் பார்க்கிற கை. எடுக்கலை. மேலே இருந்து வாசிச்சுட்டு வந்தேன், வேற ஏதாவது சிக்குமான்னு. முதல் வரி. உரிய மரியாதையுடன். இது எப்போ வந்துது? நான் எழுதவே இல்லையே இதை. என் கையெழுத்துதான். அம்மா காலையில் சொன்னது அப்படியே நடந்து வந்து உக்காந்திருக்கு, இங்கிலீஷில் மூணு வார்த்தை. இன்னும் கீழே போனேன். குழாய்க்கு முன்னாடி ஒரு தயவுசெய்து. கொட்டகைக்கு முன்னாடி இன்னொண்ணு. பரிந்துரைக்கு முன்னாடி ஒரு பணிவுடன். கடைசி வரியில், தங்களுக்கு விருப்பம் இருந்தால், இங்கிலீஷில் அது அஞ்சு வார்த்தை. மூணு, ஒண்ணு, ஒண்ணு, ஒண்ணு, அஞ்சு. விரலை மடக்கினேன். திரும்ப மடக்கினேன். பதினொண்ணு. கூடினது பதினொண்ணும் நான் குனிஞ்சது. ஏசி ஓடுற சத்தம் நின்னுட்ட மாதிரி இருந்துது. ஒவ்வொண்ணாக் கோடு போட்டேன், அடிச்சு இல்லை, ஸ்கேல் வச்சு, ஒரே கோடு, மிஸ் சொன்ன மாதிரி. ஒவ்வொரு கோட்டுக்கும் முதுகில் ஏதோ ஒரு எலும்பு தன் இடத்துக்கு வந்த மாதிரி. முதல் வரி மரியாதையை அடிக்கும்போது மட்டும் கை நின்னுது. அது அம்மாவோடது. அம்மா, உன்னை அடிக்கலை. எத்தனை பேரு, எம்புட்டு நாளா, எவ்வளவு தூரம், அந்த மூணும் உள்ளேயேதான் இருக்கு, அது இல்லைன்னா இதில் ஒண்ணுமே இல்லை. நீ குனிஞ்சு குனிஞ்சு உள்ளே அனுப்பினதை நான் நிமிர்த்தி அனுப்புறேன், அவ்வளவுதான். கோடு போட்டேன். இருநூற்று அறுபது.

பேனாவை வைக்கச் சொல்லியாச்சு. மேடம் ஒவ்வொரு மேஜையா எடுத்துட்டு வர்றாங்க. முன்னால் பையன் இன்னும் ஒரு வார்த்தைக்குத் துடிக்கிறான், அவங்க தாளை மெதுவா உருவுறாங்க. என்னுடையதை எடுத்தாங்க. போயிருச்சு. கட்டி, உறையில் போட்டு, விமானத்தில் போகும், யாரோ ரெண்டு பேர் முழுசா வாசிப்பாங்க, மார்க் போடுவாங்க, பாஸா ஃபெயிலான்னு சொல்லுவாங்க, குழாய் போடமாட்டாங்க. அவங்க வேலை அது இல்லை. இதை நினைச்சதும் எழுந்திருக்கப் போன நான் அப்படியே உக்காந்துட்டேன், ரோஸ் ரிப்பனைப் பிடிச்சபடி. அந்தத் தாளை எனக்குத் திருப்பித் தரமாட்டாங்க, வெள்ளைத் தாளைக்கூட வெளியே கொண்டுபோக விடமாட்டாங்க. ஒரு நகல் இல்லை. கண்ணை மூடினேன். இப்போதைய நிலை. ஏறக்குறைய நானூறு பேர். எட்டிலிருந்து ரெண்டு. முந்நூறு அடி. வருகிறவர்கள் கொண்டுவரும் தண்ணீர் வாசலிலேயே நிறுத்தப்படுகிறது. ஒரு வரி விடாம ஓடுது, கோடு போட்ட பதினொண்ணு மட்டும் வரலை. பன்னிரண்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் யார் யாரோ எழுதினதை மனப்பாடம் பண்ணினேன். நானே எழுதினது இதுதான் முதல் தடவை. இன்னைக்குச் சனிக்கிழமை. ரிசல்ட் வர ஆறு வாரம் ஆகும், திங்கக்கிழமை வர ரெண்டே நாள். அம்மா ஃபோன் போடுவா, மரியாதை போட்டியான்னு கேப்பா, வந்து சொல்றேன்னு சொல்லுவேன், சண்டை போடுவா, போடட்டும். தமிழில் எழுதி அவகிட்டக் குடுத்து, ஒரு மனுவுக்கு ஒரு குறைதானே, இந்தா ஒரு குறைன்னு சொல்லுவேன். பெறுநரை மட்டும் மாத்தினால் போதும். அனுப்புநர், முப்பிடாதி. டோக்கன் வாங்கி வரிசையில் நிப்பேன், கையில் பாட்டிலோட. மோந்து பார்க்கட்டும்.